விண்டோஸ் 11 கேட்பதும் நம் பழைய கணினிகள் தருவதும்: பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. அதற்கு முன்பும் பின்பும் அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்து நம் மக்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களில் கடையில் கணக்கு எழுதுபவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 பழைய மென்பொருளிடம் பொறுமையாக நடந்துகொள்கிறது; பழைய இயந்திரத்திடம்தான் கறாராக இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் தேவையில்லாமல் புது லேப்டாப் வாங்கியவர்களும் உண்டு. மாற்றியே ஆகவேண்டிய கணினியை அப்படியே வைத்திருப்பவர்களும் உண்டு.

தேதி முடிந்துவிட்டதே, என் விண்டோஸ் 10 இனி வேலை செய்யாதா?

வேலை செய்யும். கணினி வழக்கம்போல் திறக்கும், ஃபைல்கள் இருக்கும், பிரின்டர் ஓடும். நின்றுபோனதில் முக்கியமானது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்று பொருள்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2017 மே மாதம் நடந்ததை நினைவில் வைத்தால் போதும். வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்களும், 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பியை வைத்திருந்தவர்களும் ஆபத்தில் நின்றார்கள். எக்ஸ்பிக்கு அவசரத் திருத்தம் வந்தது தாக்குதல் தொடங்கிய பிறகுதான்.

அதனால் வங்கி, ஜிஎஸ்டி, மின்னஞ்சல் என்று இணையத்தில் இருக்கும் கணினிக்கு இது நேரடிக் கவலை. மூலையில் தனியாக நின்று பில் மட்டும் அடிக்கும், இணையமே இல்லாத கணினிக்கு இது அவ்வளவு அவசரம் இல்லை.

விண்டோஸோடு வரும் டிஃபென்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும். அது உதவிதான். ஆனால் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

இன்னும் ஒரு வருடம் அவகாசம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வீட்டு உபயோகத்துக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை போகும். சேர மூன்று வழிகள்: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களுடைய பேக்கப்பில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை, ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் 30 டாலர். உங்கள் விண்டோஸ் 10-ன் பதிப்பு 22எச்2 ஆக இருக்கவேண்டும். தாமதமாகச் சேர்ந்தாலும் முடிவுத் தேதி அதேதான்.

நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு. ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு, மொத்தம் மூன்று ஆண்டு.

இந்த அவகாசத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். அவசரத்தில் எடுக்கும் முடிவில்தான் காசு வீணாகிறது.

சரி, விண்டோஸ் 11 அப்படி என்னதான் கேட்கிறது?

2021 அக்டோபர் 5-ல் வந்தபோது வைத்த நிபந்தனைகள் இவை: 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் குறைந்தது இரண்டு கோர்களும் உள்ள 64 பிட் ப்ராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையும் செக்யூர் பூட் வசதியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, டைரக்ட்எக்ஸ் 12-க்கு ஏற்ற கிராஃபிக்ஸ். இதற்கு மேல் ப்ராசஸருக்கென்று தனியே ஒரு அனுமதிப் பட்டியல். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து அது தொடங்குகிறது.

4 ஜிபி என்பது நிறுவுவதற்கான அளவு. வேலை பார்க்க 8 ஜிபி வேண்டும். கூடவே எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க் வேண்டும். 4 ஜிபியில், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11-ஐப் போட்டு ஒருவரை உட்காரவைப்பது அவரைச் சோதிக்கிற காரியம்.

உங்கள் கணினி தேறுமா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஓட்டுங்கள். எது குறை என்று அதுவே சொல்லும்.

டிபிஎம் இல்லை என்று காட்டுகிறது. மதர்போர்டை மாற்றவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். டிபிஎம் என்பது வீட்டு பீரோவுக்குள் இருக்கும் சின்ன லாக்கர் மாதிரி: டிஸ்க்கைப் பூட்டும் சாவி, விரல்ரேகை உள்நுழைவுக்கான சாவி போன்றவற்றை விண்டோஸுக்கே கைக்கெட்டாத இடத்தில் பத்திரமாக வைக்கிறது. 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 10-உடன் விற்கப்பட்ட புது மாடல்களில் டிபிஎம் 2.0 இருக்கவேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதித்த விதி. அதனால் கம்பெனி லேப்டாப்களில் அது அனேகமாக இருக்கும்.

சிக்கல் வருவது எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய டெஸ்க்டாப்களில். அவற்றில் டிபிஎம் வசதி பெரும்பாலும் ப்ராசஸரிலோ போர்டின் சிப்பிலோ ஏற்கெனவே இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்பில்) அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டு என்றால் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டு என்றால் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கிவிட்டால் போதும்.

இன்னொரு இடத்தில் கவனம் தேவை. பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும். அந்த நிலையில் பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் கணினி திறக்காது. முதலில் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கின் அமைப்பை மாற்றவேண்டும். அதற்கும் முன்பு ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்கவேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இந்த நிபந்தனைகள் நியாயமானவைதானா?

இதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடக்கிறது. அவுட்டர் ரிங் ரோடு ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் பாதுகாப்புக்காக இது அவசியம் என்கிறார்கள். கடை வைத்திருப்பவர்கள் இது விற்பனைத் தந்திரம் என்கிறார்கள். நான் நிபந்தனைகளைப் பிரித்துப் பார்க்கிறேன்.

டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். லேப்டாப் திருடுபோனால் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்கமுடியாமல் இருப்பது, விண்டோஸ் தொடங்கும் முன்பே நச்சு நிரல் புகமுடியாமல் தடுப்பது இரண்டும் சாதாரண மனிதருக்கும் பயன்படும். எல்லாக் கணினியிலும் இவை இருக்கும் என்று நம்பினால்தான் மென்பொருள் எழுதுபவர் அவற்றைப் பயன்படுத்துவார். ஒரு கட்டத்தில் கட்டாயமாக்கத்தான் வேண்டும்.

ப்ராசஸர் பட்டியல்தான் எனக்கு ஒப்பவில்லை. 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே நான்கு கோர்களும் 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகமும் உள்ளது. இன்றும் நன்றாக உழைக்கிறது. அது பட்டியலில் இல்லை. இரண்டே கோர்களும் 1.1 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமும் உள்ள செலரான் என்4000 பட்டியலில் இருக்கிறது. வேகம் காரணம் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, நம்பகத்தன்மை: சோதனைக் காலத்தில் தகுதியில்லாத கணினிகளில் சிஸ்டத்தின் மையப் பகுதி செயலிழப்பது 52 சதவீதம் கூடுதலாக இருந்தது என்றார்கள். இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் மிகப் பழைய கணினிகளும் சேர்ந்தே இருந்திருக்கும். 7-ஆம் தலைமுறையை மட்டும் தனியாக எடுத்த கணக்கு அதில் இல்லை.

இரண்டாவது காரணம், மெய்நிகர் முறையில் சிஸ்டத்தின் மையப் பகுதியைத் தனியே பிரித்துக் காக்கும் வசதி. இது வேகம் குறையாமல் ஓட ப்ராசஸருக்குள் ஒரு குறிப்பிட்ட துணை வேண்டும். அந்தத் துணை இன்டெல்லில் 7-ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. ஏஎம்டியில் ஜென் 2 என்ற வடிவமைப்பில்தான் வந்தது; பட்டியலோ அதற்கு முந்தைய ஜென் பிளஸ் வடிவமைப்பிலிருந்து தொடங்குகிறது. ஆக அந்தத் துணை இருக்கும் இன்டெல் வெளியே நிற்கிறது, இல்லாத ஏஎம்டி உள்ளே இருக்கிறது. அதற்கு மேல், 7-ஆம் தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்களில் ஐ7-7820எச்க்யூ என்ற ஒன்றுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அது மைக்ரோசாஃப்ட் சொந்தமாக விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருந்த ப்ராசஸர்.

ப்ராசஸர்களிலேயே இருந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகளால்தான் 8-ஆம் தலைமுறை என்று கோடு போட்டார்கள் என்றும் சிலர் வாதாடுகிறார்கள். அந்த ஓட்டைகள் வெளியே தெரிந்தது 2018 ஜனவரியில். 8-ஆம் தலைமுறையின் முதல் ப்ராசஸர்கள் 2017 ஆகஸ்டிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. அவையும் மென்பொருள் திருத்தத்தால்தான் காக்கப்படுகின்றன.

டிபிஎம் 2.0 உள்ள 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகளை "மெதுவாக இருக்கலாம், உங்கள் விருப்பம்" என்று எச்சரித்து உள்ளே விட்டிருக்கவேண்டும். ஆதரவு முடிவதால் உலகத்தில் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நல்ல நிலையில் ஓடுகிற இயந்திரங்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

முன்பெல்லாம் இப்படி இருந்ததா?

ஒவ்வொரு முறையும் தேவை ஏறித்தான் வந்தது. விண்டோஸ் 95-க்கு 4 எம்பி ராம் போதும் என்றார்கள். எக்ஸ்பிக்கு 64 எம்பி, விஸ்டாவுக்கு 512 எம்பி. 2007-ல் விஸ்டா வந்தபோது, அதை ஓட்டத் தகுதியானது என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற கணினிகளில் அதன் முக்கியமான காட்சி வசதிகளே வரவில்லை. அமெரிக்காவில் வழக்கு வரை போனது.

பிறகு ஒரு நீண்ட அமைதி. 2009-ல் வந்த விண்டோஸ் 7, 2015-ல் வந்த விண்டோஸ் 10 இரண்டுமே 32 பிட்டுக்கு 1 ஜிபி, 64 பிட்டுக்கு 2 ஜிபி ராம் என்றே கேட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் ராம் தேவை ஏறாமல் இருந்ததால் எந்தக் கணினியிலும் அடுத்த விண்டோஸைப் போடலாம் என்று பழகிவிட்டோம். அதனால்தான் 2021-ல் அடி பலமாகப் பட்டது. முன்பு கணினி பழையது என்றால் மெதுவாக ஓடும். இப்போது நிறுவும்போதே நிறுத்திவிடுகிறது.

தடையைத் தாண்டி நிறுவும் வழி இருக்கிறதாமே. செய்யலாமா?

வழி இருக்கிறது. ரூஃபஸ் என்ற கருவியால் பென் டிரைவ் தயாரித்தால் டிபிஎம், ப்ராசஸர் சோதனைகளைத் தவிர்க்கலாம். பல கணினிகளில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று உறுதி தரமுடியாது என மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட்டை ஒவ்வொரு தடவையும் கையால்தான் போடவேண்டியிருக்கும்.

தாண்டவே முடியாத சுவர் ஒன்றும் இருக்கிறது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் ப்ராசஸரில் இல்லாவிட்டால் விண்டோஸ் திறக்கவே திறக்காது. கோர் 2 டியோ கணினிகள் இதோடு முடிந்தன.

வீட்டில் இரண்டாவது கணினி, படம் பார்க்க, பிள்ளை பழக என்றால் செய்துகொள்ளுங்கள். கடைக் கணக்கு இருக்கும் கணினியில் செய்யாதீர்கள். மார்ச் மாதக் கடைசியில் அப்டேட் சிக்கிக்கொண்டால் யாரிடமும் முறையிடமுடியாது.

எங்கள் கடையில் 2003-ல் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் 11-ல் ஓடுமா?

அது 32 பிட் மென்பொருளா, 16 பிட் மென்பொருளா என்பதைப் பொறுத்தது. பிட் எண் சிறியது என்றால் பழைய காலத்து வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் ஓடுவதற்காக 2003-ல் எழுதியது என்றால் அனேகமாக 32 பிட். ஓடும் வாய்ப்பு அதிகம். 64 பிட் விண்டோஸுக்குள் 32 பிட் மென்பொருளுக்கென்றே ஒரு தனி அடுக்கு இருக்கிறது. மென்பொருள் அடம்பிடித்தால் அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, கம்பேட்டிபிலிட்டி பகுதியில் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்து மென்பொருள்கள் தரவைப் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். இன்றைய விண்டோஸ் அதை விடாது. சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவினால் பாதித் தொல்லை தீரும்.

பழைய மென்பொருள் ஓடவேண்டும் என்பதில் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் அக்கறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். விண்டோஸ் 95 தயாரானபோது சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே அது மறுபடி படித்தது. பழைய விண்டோஸில் அது வெளியே தெரியவில்லை. புதியதில் விளையாட்டு நின்றுபோனது. பிழை விளையாட்டை எழுதியவர்களுடையது. ஆனாலும் சிம்சிட்டி ஓடும்போது மட்டும் நினைவகத்தை உடனே விட்டுவிடாமல் வைத்திருக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஓடவேண்டும் என்ற அந்த எண்ணம் இயந்திரத்தின் விஷயத்தில் மட்டும் ஏன் கைவிடப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

இனி 16 பிட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய பில்லிங் இன்னும் சில மொத்தக் கடைகளில் ஓடுகிறது. 32 பிட் விண்டோஸ் 10 வரை அதற்கு இடம் இருந்தது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே 16 பிட் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளால் விண்டோஸ் 11-க்குள் இன்னொரு பழைய 32 பிட் விண்டோஸை, இணைய இணைப்பு கொடுக்காமல், ஓட்டலாம். டாஸ் மென்பொருளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற கருவியும் உண்டு, ஆனால் அது விளையாட்டுகளுக்காக எழுதியது. பல பேர் ஒரே நேரத்தில் பில் போடும் கடைக்கு நான் அதை நம்பமாட்டேன்.

நல்ல செய்தி, அந்தத் தரவு பெரும்பாலும் டிபிஎஃப் ஃபைல்களில் இருக்கும். லிப்ரே ஆஃபீஸ் கால்க் அவற்றைத் திறக்கும். எழுதிக்கொடுத்தவர் இருக்கும்போதே அவரைக் கூப்பிட்டு எந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்திருபது வருடக் கணக்கு யாருக்கும் திறக்கத் தெரியாமல் கிடப்பதுதான் பெரிய நஷ்டம்.

கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் வேலை செய்கிறோம். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் என்ன ஆகும்?

இதைக் கேட்பவர்கள் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் ஒரே அட்டையில் கோக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முதலில் எழுத்துரு. பாமினி, டாம், டாப், டிஸ்கி என்று எந்தக் குறியீட்டு முறையானாலும் ட்ரூடைப் வகை எழுத்துரு என்றால் விண்டோஸ் 11-ல் நிறுவலாம். சிக்கல் டைப் 1 என்ற பழைய எழுத்துரு வகையில். எம்எஸ் ஆஃபீஸ் 2013-லேயே அதைக் கைவிட்டது. அடோபி 2023 ஜனவரியில் தன் மென்பொருள்களிலிருந்து நீக்கியது. உங்கள் எழுத்துருத் தொகுப்பு எந்த வகை என்று இப்போதே பாருங்கள்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. விண்டோஸ் 2000-த்தில் தமிழோடு வந்த எழுத்துரு லதா. பிறகு விஜயா வந்தது. விண்டோஸ் 10 முதல் இந்த இரண்டும் இயல்பாக நிறுவப்படுவதில்லை. லதாவில் அமைத்த பழைய வேர்டு ஃபைலைப் புதுக் கணினியில் திறந்தால் நிர்மலா யுஐ வந்து உட்கார்ந்து வரிகள் இடம் மாறிப் பக்கம் கூடிவிடும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து பலர் வருகிறார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய்த் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் திரும்ப வந்துவிடும். காசு இல்லை.

அப்புறம், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர். கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். 32 பிட் என்பதால் புதிய விண்டோஸிலும் பல இடங்களில் ஓடுகிறது. அச்சுக்கு அனுப்பும்போதும் பிடிஎஃப் ஆக்கும்போதும்தான் தகராறு செய்கிறது. அதைவிட முக்கியமானது, பேஜ்மேக்கரின் இடத்தைப் பிடித்த அடோபி இன்டிசைனில், அதன் ஃபைலை நேரடியாகத் திறக்கும் கடைசிப் பதிப்பு 2012-ல் வந்த சிஎஸ்6. அதற்குப் பிந்தையவை திறக்காது. பழைய ஃபைல்கள் வேண்டுமென்றால் ஓடுகிற நிலையில் உள்ள பழைய கணினியிலேயே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும், எழுத்தைத் தனி டெக்ஸ்ட் ஃபைலாகவும் எடுத்துவையுங்கள். அந்த டெக்ஸ்ட்டைக் குறியீட்டு மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோடு ஆக்கிவிடலாம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும், தமிழுக்கென்றே உள்ள டேஸ்16 குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்கும் எந்த வேலையையும் பழைய குறியீட்டில் தொடங்கவேண்டாம்.

அந்தப் பழைய எக்ஸ்பி கணினியைத் தூக்கி எறியவேண்டாம். இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஃபைல் எடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்திருங்கள்.

பிரின்டர், ஸ்கேனர், டாங்கிள்?

மென்பொருளிடம் காட்டும் பொறுமையை, பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கவைக்கும் டிரைவரிடம் விண்டோஸ் காட்டுவதில்லை. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. கம்பெனி 64 பிட் டிரைவர் வெளியிடாத பழைய ஸ்கேனர் அதோடு நின்றது. அதே ஸ்கேனர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓட வாய்ப்பு உண்டு. அங்கே சேன் என்ற அமைப்பு பழைய மாடல்கள் பலவற்றை இன்னும் தாங்குகிறது.

எப்சன், டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களால் பெரிய தொல்லை இல்லை. யுஎஸ்பி இல்லாத பழைய மாடல் என்றால் புதுக் கணினியில் பேரலல் போர்ட் இருக்காது. மாற்றுக் கேபிளில் டாஸ் மென்பொருள் நேரடியாக அச்சிடாமல் போகலாம். மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கப் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் என்றால் மென்பொருள் கம்பெனியிடம் யுஎஸ்பி டாங்கிள் கேளுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப்போகிறேன். எதைப் பார்க்கவேண்டும்?

ஐ5, ஐ7 என்று சொன்னால் போதாது. எத்தனையாவது தலைமுறை (ஜெனரேஷன்) என்று கேளுங்கள். எண்ணிலேயே தெரிந்துவிடும். ஐ5-7200யு என்றால் ஏழாவது, பட்டியலில் இல்லை. ஐ5-8250யு என்றால் எட்டாவது, தேறும். ஏஎம்டியில் கூடுதல் கவனம் வேண்டும்: ரைசன் 5 2500யு பார்க்க 2000 வரிசை போலத் தெரிந்தாலும் பட்டியலில் இல்லை.

இந்த ஊரில் ஒரு சௌகரியம் உண்டு. ஐடி கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லேப்டாப்களை மொத்தமாக மாற்றுவதால் நல்ல திங்க்பேட், லாட்டிட்யூட் மாடல்கள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 11 ஓடுவதைக் காட்டினால் மட்டும் நம்பவேண்டாம். தடையைத் தாண்டிப் போட்டும் விற்கிறார்கள். ப்ராசஸர் எண்ணைச் சிஸ்டம் பகுதியில் நீங்களே படியுங்கள். பயாஸில் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். ராம் சாலிடர் செய்ததா, மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டதால் 8 ஜிபி ஏற்கெனவே இருப்பதையே வாங்குவது நல்லது.

லினக்ஸுக்கு மாறிவிடலாமா?

இணையம், மின்னஞ்சல், யூட்யூப், கடிதம் எழுதுவது இவ்வளவுதான் வேலை என்றால் தயங்காமல் மாறலாம். 6, 7-ஆம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் மின்ட் சுறுசுறுப்பாக ஓடுகிறது. 2 ஜிபி ராம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

ஊரில் அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் பயன்படுத்தி முடித்த தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தொடக்க கால லேப்டாப்கள் எதுவும் விண்டோஸ் 11-க்குத் தேறாது. ஆனால் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் முன்பே இருந்தது. லினக்ஸ் அவற்றுக்குப் புதிதில்லை. ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் பள்ளிப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும்.

எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லமாட்டேன். நம் பெங்களூர் நிறுவனமான டேலியின் கணக்கு மென்பொருளான டேலிப்ரைம் விண்டோஸுக்கானது. ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு வேலைகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்களுக்கும் விண்டோஸ்தான் தொல்லையில்லாதது. லினக்ஸிலும் பழையது ஒருநாள் கழிகிறது: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. ஆனால் அங்கே கழிவது இருபது வருடக் கணினி.

மேக் வாங்கினால் இந்தத் தலைவலி இருக்காதா?

பழையதைத் துணிந்து விடுவதில் ஆப்பிள்தான் முன்னால் நிற்கிறது. 2019-ல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் எல்லாமே ஒரே நாளில் நின்றன. 2020-ல் சொந்தச் சிப்புக்கு மாறினார்கள். இன்டெல் மேக்குகளுக்கு டஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விண்டோஸ் 11 போட்ட பிறகு திடீரென்று 48 இலக்க எண் கேட்கிறது, என்ன செய்வது?

அது, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியின் மீட்புச் சாவி. 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பயாஸை மாற்றினாலோ மதர்போர்டைப் பழுதுபார்த்தாலோ அந்த எண்ணைக் கேட்கும். நிறுவும்போது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கருவியிலிருந்து நுழைந்தால் அங்கே இருக்கும். கடைக்காரர் தன் மின்னஞ்சலில் நுழைந்து நிறுவிக்கொடுத்திருந்தால் சாவி அவருடைய கணக்கில் இருக்கும். அதனால் நிறுவும்போது உங்கள் கணக்கை மட்டுமே கொடுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் யாராலும் மீட்கமுடியாது.

கடைசியில் பழையதைக் கழிக்கத்தான் வேண்டும் என்றால் யாரிடம் கொடுப்பது?

முதலில் வேறு யாருக்காவது பயன்படுமா என்று கேளுங்கள். லினக்ஸ் போட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் டியூஷன் சென்டர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் ரீசெட் திஸ் பிசி வழியாக, டிரைவை முழுதாகத் துடைக்கும் தேர்வோடு அழியுங்கள். மேலோட்டமான டெலீட் போதாது.

ஓடவே ஓடாதது என்றால் தெருவில் வரும் காயலான் கடைக்காரரிடம் போடாதீர்கள். போர்டில் ஈயம் இருக்கிறது. திறந்த வெளியில் எரித்துச் செம்பு எடுப்பவர்கள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருக்கே இதில் பொறுப்பு உண்டு. உங்கள் கணினியின் கம்பெனி திரும்பப் பெறுகிறதா என்று கேளுங்கள், அல்லது கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளலாம். அது இல்லாமலும் வாங்கிக்கொள்வார்கள்.